மென்பொருள் ஒப்பந்தங்களில் உடைமை யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்பொருள் எழுதி விற்கும் சிறு நிறுவனங்களும், அவர்களிடம் எழுதி வாங்கும் வணிகர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம், 1957-ஐ ஒட்டியவை. வெளிநாட்டுச் சட்டம் குறுக்கிடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இந்தப் பக்கம் உதவும்.

முழுப் பணமும் கொடுத்து எழுதவைத்தேன். மென்பொருள் எனக்குத்தானே சொந்தம்?

இல்லை. இதை ஏற்றுக்கொள்ளப் பலருக்கு மனம் வருவதில்லை. ஆனால் கீழே வரும் எல்லாப் பதில்களும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

இந்தியச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. இலக்கியப் படைப்புக்கு முதல் உரிமையாளர் அதை எழுதியவர். சட்டத்தின் 17ஆம் பிரிவு இதற்குச் சில விலக்குகளைத் தருகிறது. பணம் கொடுத்து எடுக்கவைத்த புகைப்படம், வரையவைத்த ஓவியம், எடுக்கவைத்த திரைப்படம் ஆகியவற்றுக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். அந்தப் பட்டியலில் மென்பொருள் இல்லை. ஆகவே உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களின் பதிப்புரிமை உங்களுடையது; அதே மாதம் உங்கள் கடைக்காக வெளியாள் ஒருவரிடம் எழுதவைத்த பில்லிங் மென்பொருளின் பதிப்புரிமை அந்த வெளியாளுடையது.

அப்படியென்றால் கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது? பயன்படுத்தும் அனுமதி கிடைத்தது. எந்த வேலைக்காக வாங்கினீர்களோ அந்த வேலைக்குப் பயன்படுத்தலாம், பாதுகாப்புக்குப் பிரதி எடுத்துவைக்கலாம், அந்தப் பயன்பாட்டுக்குத் தேவையான மாற்றங்களைச் செய்துகொள்ளலாம். பிரிவு 52 இதை அனுமதிக்கிறது. ஆனால் அதை உங்கள் பொருளாக மற்றவர்களுக்கு விற்க முடியாது. எழுதியவர் அதே நிரலை எதிர்க்கடைக்காரருக்கு விற்றால் பதிப்புரிமையைச் சொல்லித் தடுக்கவும் முடியாது. கோபம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வெடிக்கிறது.

இன்வாய்ஸ் இருக்கிறது, பர்சேஸ் ஆர்டர் இருக்கிறது, "எல்லாம் உங்களுடையதுதான்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிய செய்தியும் இருக்கிறது. போதாதா?

பிரிவு 19 சொல்வது தெளிவு: பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரோ அவரால் அதிகாரம் பெற்ற முகவரோ அதில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இன்வாய்ஸ் பணம் கைமாறியதைக் காட்டும். பர்சேஸ் ஆர்டரில் இருப்பது வாங்குபவரின் கையெழுத்து. உரிமையைக் கொடுப்பவரின் கையெழுத்து அல்ல. வாட்ஸ்அப் செய்தி நாளை வழக்கில் ஒரு சாட்சியமாக உதவலாம், உரிமை மாற்றப் பத்திரமாக அதை நம்பாதீர்கள். காகிதத்தில்தான் கையெழுத்து வேண்டும் என்பதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 ஏற்கும் மின்னணுக் கையொப்பம் செல்லும்.

வாசகத்தின் காலத்தையும் கவனியுங்கள். "மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்" என்பது வாக்குறுதி. "இதன்மூலம் மாற்றிக் கொடுக்கிறேன்" என்பது மாற்றம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒரு காப்புரிமை வழக்கில் இந்த வேறுபாட்டால் தோற்றது. அதன் ஆய்வாளர் பல்கலைக்கழகத்திடம் முதல் வகையில் கையெழுத்திட்டிருந்தார். பிறகு ஆய்வுக்காகச் சென்ற செட்டஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் இரண்டாம் வகையில் கையெழுத்திட்டார். செட்டஸின் உரிமை பின்னர் ரோஷ் நிறுவனத்துக்குப் போனது. பிந்திய பத்திரம் உடனே வேலை செய்தது. முந்தியது வாக்குறுதியாகவே நின்றது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்தியச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, இனி எழுதப்போகும் படைப்பையும் இன்றே மாற்றிக் கொடுக்க இடம் தருகிறது. நிரல் உருவாகும் கணத்தில் அந்த மாற்றம் உயிர் பெறும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கையெழுத்தாகிவிட்டது. இனிக் கவலை இல்லைதானே?

பத்திரத்தில் காலமும் இடமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு பதிலை மட்டுமாவது உங்கள் கணக்காளரிடமும் பங்குதாரர்களிடமும் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உரிமை மாற்றப் பத்திரத்தில் எத்தனை காலத்துக்கு என்று சொல்லாவிட்டால், அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்று சட்டம் கொள்கிறது. எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். இன்னொன்றும் இருக்கிறது: மாற்றிக் கொடுத்த உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாத நிலையில், அந்த உரிமை காலாவதியாகிவிடும். எழுத்தாளர்களும் இசையமைப்பாளர்களும் பதிப்பாளர்களிடம் ஏமாறக்கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்த பாதுகாப்புகள் இவை. மென்பொருளும் இலக்கியப் படைப்பு என்பதால் இங்கும் பொருந்துகின்றன.

வெறும் ஏட்டு விதி என்று நினைப்பவர்கள் பைன் லேப்ஸ், ஜெமால்டோ டெர்மினல்ஸ் நிறுவனங்களுக்கு இடையே டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கைப் பார்க்க வேண்டும். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் எரிபொருள் அட்டைத் திட்டத்துக்கான மென்பொருளை ஜெமால்டோ தரப்புக்காகப் பைன் லேப்ஸ் எழுதியது. 2004இல் கையெழுத்தான சேவை ஒப்பந்தத்தில் உரிமை மாற்றம் இருந்தது. எத்தனை காலத்துக்கு, எந்த நிலப்பரப்புக்கு என்பது இல்லை. தகராறு வந்தபோது தனி நீதிபதி ஜெமால்டோவுக்குச் சாதகமாகத் தடையாணை கொடுத்தார். மேல்முறையீட்டில், 2011இல், இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. காலம் எழுதப்படாததால் ஐந்து ஆண்டுகள், இடம் எழுதப்படாததால் இந்தியா. ஐந்து ஆண்டுகள் முடிந்ததும் உரிமை எழுதியவரிடமே திரும்பிவிட்டது என்று அமர்வு கருதியது. இடைக்கால ஆணை குறித்த மேல்முறையீடுதான் அது. ஆனாலும் இந்தியாவில் மென்பொருள் ஒப்பந்தம் எழுதும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய தீர்ப்பு அதுவே. இரண்டும் பெரிய நிறுவனங்கள். அவர்களுக்கே ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: எந்தப் படைப்பு, அதில் எந்தெந்த உரிமைகள், பதிப்புரிமையின் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும், என்ன தொகைக்கு. கூடவே, ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதி என்ற 19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று ஒரு வரி. படைப்பைக் குறிப்பிடும்போது திட்டத்தின் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். மூலநிரல் (நிரலர் எழுதிய மூல வரிகள்), தரவுத்தள வடிவமைப்பு, திரை வடிவங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் பின்னிணைப்பில் சேருங்கள்.

நாங்கள் உரிமை மாற்றம் செய்யவில்லை. லைசென்ஸ் மட்டும் கொடுக்கிறோம். இந்தக் கால விதி எங்களையும் தொடுமா?

தொடும். பிரிவு 30ஏ-யின்படி, 19ஆம் பிரிவு தேவையான மாற்றங்களுடன் உரிமங்களுக்கும் பொருந்தும். காலம் எழுதாத உரிமத்துக்கு ஐந்து ஆண்டுகள் என்ற வாதம் எழ இது போதும். "ஒரே முறை கட்டணம்" என்று விலைப்பட்டியலில் எழுதியிருப்பதை வாடிக்கையாளர் "ஆயுளுக்கும்" என்று புரிந்துகொள்கிறார். நீங்கள் அப்படி நினைத்தீர்களோ இல்லையோ, எண்ணியதை எழுதிவிடுங்கள். நிரந்தரம் என்றால் நிரந்தரம் என்றே சொல்லுங்கள், ஆண்டு உரிமம் என்றால் தொடக்க நாளையும் முடிவு நாளையும் போடுங்கள்.

தனியுரிமம், அதாவது ஒருவருக்கு மட்டுமே கொடுக்கப்படும் உரிமம், கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தனியுரிமம் பெற்றவரைச் சட்டம் பதிப்புரிமை மீறல் வழக்கு தொடுக்கும் விஷயத்தில் உரிமையாளருக்கு இணையாகவே நடத்துகிறது. வழக்கில் உரிமையாளரையும் பொதுவாக ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டும். பலருக்கும் கொடுக்கப்படும் சாதாரண உரிமம் வைத்திருப்பவருக்கு அந்த நிலை இல்லை. உங்கள் பகுதியில் போலி விற்பனையைத் தடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், சாதாரண உரிமம் வாங்கிவிட்டு நீதிமன்றத்தில் போய் நிற்க முடியாது.

உடைமையையே கேட்பதா, உரிமத்தோடு நின்றுவிடுவதா? எது நல்லது?

வாங்குபவர்கள் எல்லோரும் உடைமையைக் கேட்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 2 அன்று, எஞ்சினியரிங் அனாலிசிஸ் சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ் வழக்கில் கொடுத்த தீர்ப்பு வரியைப் பற்றியது. வெளிநாட்டு மென்பொருளை வாங்கிப் பயன்படுத்தும் இந்தியருக்கும், வாங்கி மறுவிற்பனை செய்யும் முகவருக்கும் கிடைப்பது என்ன என்று அங்கே கேள்வி எழுந்தது. பதிப்புரிமையில் எந்தப் பங்கும் அவர்களுக்குக் கைமாறவில்லை. பதிப்புரிமை பெற்ற ஒரு பொருளின் பிரதிதான் கைமாறுகிறது. ஆகவே அந்தக் கட்டணம் ராயல்டி, அதாவது பதிப்புரிமையைப் பயன்படுத்தக் கொடுக்கும் தொகை, ஆகாது என்றது நீதிமன்றம். உடைமையும் பயன்பாடும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது. ஒப்பந்தத்தில் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது வரியையும் தீர்மானிக்கிறது என்பதால், வாசகத்தை எழுதும்போதே வரி ஆலோசகரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பேரத்துக்கு வருவோம். எழுதும் நிறுவனத்திடம் முன்பே உருவாக்கி வைத்த நிரல்கள் இருக்கும்: லாகின் பகுதி, அறிக்கை தயாரிக்கும் கருவி, பணம் செலுத்தும் இணைப்பு. பத்து வாடிக்கையாளர்களுக்கு அவற்றையே மாற்றி மாற்றிப் பொருத்துகிறார்கள். விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். அந்த ஒப்பந்தத்தில் "இதில் உள்ள அனைத்தும் வாடிக்கையாளருக்குச் சொந்தம்" என்ற வரியில் கையெழுத்திட்டால், தன் தொழிலின் முதலையே முதல் வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்ததாக ஆகும். இரண்டாவது வாடிக்கையாளருக்கும் அதே வரியில் கையெழுத்திட்டால், தன்னிடம் இல்லாததை விற்றதாக ஆகும். நல்ல மனிதர்கள், நேர்மையாகத் தொழில் செய்பவர்கள், படிக்காமல் இட்ட கையெழுத்தால் இந்த நிலையில் மாட்டிக்கொள்கிறார்கள். அது என்னை மிகவும் வருத்துகிறது.

தீர்வு, பிரித்து எழுதுவது. முன்பே இருந்தவை எழுதியவருடையவை. வாடிக்கையாளருக்கு அவற்றில் நிரந்தரமான, உலகம் முழுவதற்குமான, திரும்பப் பெற முடியாத உரிமம். இந்த வேலைக்காகவே புதிதாக எழுதியவை வாடிக்கையாளருக்கு மாற்றம். முன்பே இருந்தவற்றின் பட்டியலை வேலை தொடங்கும் நாளில் இணையுங்கள். வேலை முடிந்தபின் போட்டால் அந்தப் பட்டியலை யாரும் நம்பமாட்டார்கள். வாடிக்கையாளர் தரப்பில் இருப்பவர்கள், உரிமத்தில் மூலநிரலும் அதை மாற்றும் உரிமையும் தொழிலை விற்றால் வாங்குபவருக்குக் கைமாற்றும் உரிமையும் அடங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த மூன்றும் இருந்தால் உடைமை இல்லாத குறை அநேகமாகத் தெரியாது.

உரிமை எப்போது மாறும் என்பதும் பேரத்தில் அடங்கும். எழுதுபவர்கள் "முழுத் தொகையும் வந்தபின்" என்று கேளுங்கள். கொடுப்பவர்கள் "ஒவ்வொரு தவணைக்கும் அதுவரை எழுதியது" என்று கேளுங்கள். இரண்டும் நியாயமான கோரிக்கைகளே.

எங்கள் ஊழியர்கள் எழுதியது கம்பெனிக்குத்தானே சொந்தம்?

பணி ஒப்பந்தத்தின் கீழ், பணியின் பகுதியாக, ஊழியரோ தொழில் பழகுநரோ எழுதியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளியுடையது. சட்டம் இங்கே உங்கள் பக்கம்.

ஆனால் உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுபவர்கள் எல்லோரும் ஊழியர்கள் அல்லர். மாதக் கட்டணத்துக்கு வரும் ஆலோசகர், ஃப்ரீலான்சர், வேறு நிறுவனம் அனுப்பிய ஆள், சம்பளமில்லாமல் இன்டர்ன்ஷிப்புக்கு வந்த கல்லூரி மாணவர் ஆகியோரிடம் தனித்தனியாக உரிமை மாற்றப் பத்திரம் வாங்க வேண்டும். சம்பளப் பட்டியலில் இருப்பவரிடமும் வாங்குவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொந்த லேப்டாப்பில் எழுதியது பணியின் பகுதியா என்ற வாதமே எழாமல் போகும்.

மிக ஆபத்தான இடைவெளி நிறுவனர்களிடம் இருக்கிறது. கம்பெனி பதிவாகும் முன்பு, நண்பர்கள் இருவர் சேர்ந்து எழுதிய முதல் பதிப்பு யாருடையது? அப்போது கம்பெனி என்று ஒன்று இல்லை, முதலாளி இல்லை, ஆகவே அது அந்த இருவருடையது. ஒருவர் மனக்கசப்போடு பிரிந்து போனால், நிறுவனத்தின் அடித்தளத்தில் பாதி அவரோடு போகிறது. முதலீட்டாளரின் வழக்கறிஞர் முதலில் கேட்கும் காகிதம் இதுதான். நிலம் வாங்கும்போது மூலப்பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பார்ப்பதுபோல, நிரலை எழுதிய ஒவ்வொரு கையிலிருந்தும் கம்பெனி வரைக்கும் பத்திரம் தொடர்ச்சியாக வந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

வாடிக்கையாளர் அரசுத் துறை. அப்போதும் எழுதியவரே உரிமையாளரா?

இங்கே நிலைமை தலைகீழ். அரசின் உத்தரவிலோ கட்டுப்பாட்டிலோ உருவான படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அரசே முதல் உரிமையாளர். பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இதேபோன்ற விதி உண்டு. டெண்டரில் கலந்துகொள்ளும் நிறுவனங்கள், தங்கள் பழைய நிரல்களை விலக்கிவைக்கும் வாசகத்தை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். ஆணை கிடைத்தபின் மாற்றுவது கடினம்.

அமெரிக்க வாடிக்கையாளர் அனுப்பிய ஒப்பந்தத்தில் "வொர்க் மேட் ஃபார் ஹையர்" என்று இருக்கிறது. அது போதுமா?

எழுதவைத்தவரையே ஆசிரியராகக் கருதும் அமெரிக்கச் சட்டத்தின் கருத்து அது. இந்தியச் சட்டத்தில் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. அமெரிக்காவிலேயே அது எல்லா வேலைக்கும் பொருந்தாது. ஊழியர் எழுதியதற்குப் பொருந்தும். வெளியாள் எழுதியதென்றால் சட்டம் வகுத்த ஒன்பது வகைகளில் ஒன்றாக இருக்க வேண்டும், மென்பொருள் அந்த வகைகளில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. வெளியாளை ஊழியராகக் கருத முடியாது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இலேயே, ஒரு சிற்பி செய்த சிலையைப் பற்றிய வழக்கில் தெளிவாக்கிவிட்டது. அதனால்தான் நன்றாக எழுதப்பட்ட அமெரிக்க ஒப்பந்தங்களில் அந்த வரிக்குக் கீழேயே, "அப்படி ஆகாவிட்டால் இதன்மூலம் உரிமை மாற்றப்படுகிறது" என்று இன்னொரு வரி இருக்கும். உங்களுக்கு வந்த ஒப்பந்தத்தில் இரண்டாவது வரி இருக்கிறதா, அதில் காலமும் இடமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஓப்பன் சோர்ஸ் நிரல்களைச் சேர்த்திருக்கிறோம். இலவசம்தானே, என்ன சிக்கல்?

ஓப்பன் சோர்ஸ் என்பது மூலநிரலைத் திறந்துவைத்து, பிறரும் பயன்படுத்த உரிமம் கொடுப்பது. விலை இல்லை, நிபந்தனை உண்டு. எம்ஐடி, அப்பாச்சி போன்ற உரிமங்கள் அதிகம் கேட்பதில்லை: எழுதியவரின் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருந்தால் பெரும்பாலும் போதும். ஜிபிஎல் என்ற உரிமம் வேறு. ஜிபிஎல் நிரலோடு பிரிக்க முடியாதபடி சேர்த்து எழுதிய படைப்பைப் பிறருக்குக் கொடுக்கும்போது, மொத்தத்தின் மூலநிரலையும் அதே உரிமத்தின் கீழ் தர வேண்டும். ஏஜிபிஎல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: பிரதியைக் கொடுக்காமல், நீங்கள் மாற்றியமைத்த நிரலை இணையத்தின் வழியாகச் சேவையாக நடத்தினாலும் மூலநிரலைத் தரவேண்டிய கடமை வருகிறது.

உடைமைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? "இந்த மென்பொருள் முழுவதும் எங்களால் எழுதப்பட்டது, வேறு யாருடைய நிபந்தனைக்கும் உட்பட்டதன்று" என்று ஒப்பந்தத்தில் உறுதி கொடுக்கிறீர்கள். உள்ளே ஜிபிஎல் நூலகம் ஒன்று இருந்தால் அந்த உறுதி கையெழுத்திட்ட நாளிலேயே பொய். அந்த நூலகத்தைச் சேர்த்தவர், வேலையை விட்டுப் போன ஓர் இளைஞராக இருக்கலாம்; கையெழுத்து உங்களுடையது.

இந்த உரிமங்களை நீதிமன்றங்கள் பொருட்படுத்தாது என்று எண்ண வேண்டாம். பொம்மை ரயில்களை இயக்கும் ஓப்பன் சோர்ஸ் நிரல் ஒன்றைப் பற்றிய ஜேக்கப்சன்–கேட்ஸர் வழக்கில், 2008இல், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தகைய உரிமத்தின் நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலாகவே ஆகலாம் என்றது. இலவசமாகக் கொடுத்த மனிதருக்கும் சட்டத்தில் மதிப்பு இருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

ஆகவே, ஒவ்வொரு பதிப்போடும் உள்ளே இருக்கும் வெளி நிரல்களின் பட்டியலை உருவாக்கும் கருவியை இயக்குங்கள். பட்டியலை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். உறுதிமொழி வாசகத்தில் "பட்டியலில் உள்ளவை நீங்கலாக" என்று சேருங்கள்.

ஒரு கம்பெனியையே வாங்கினால், அதன் மென்பொருளும் வந்துவிடும்தானே?

பங்குகளை வாங்கினால் கம்பெனியும் அதனிடம் இருப்பவையும் அப்படியே இருக்கும். தொழிலை மட்டும், சொத்துகளாகப் பிரித்து வாங்கினால் பட்டியலில் உள்ளதுதான் வரும். யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் கதை இதற்குச் சாட்சி. நோவெல் நிறுவனம் 1995இல் தன் யூனிக்ஸ் தொழிலைச் சாண்டா குரூஸ் ஆபரேஷன் நிறுவனத்துக்கு விற்றது. விலக்கப்பட்ட சொத்துகளின் அட்டவணையில் பதிப்புரிமைகள் இருந்தன. அடுத்த ஆண்டு ஒரு திருத்தம் அந்த வரியை மாற்றியது. மாற்றிய வாசகமும் இரு பொருள்பட நின்றது. அந்தத் தொழிலைப் பின்னர் பெற்று, எஸ்சிஓ என்ற பெயரில் இயங்கிய நிறுவனம், யூனிக்ஸ் தனக்கே சொந்தம் என்ற நம்பிக்கையில் 2003இல் ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. பதிப்புரிமை கைமாறவே இல்லை என்றது நோவெல். 2007இல் எஸ்சிஓ திவால் பாதுகாப்பு கோரியது. 2010இல் ஜூரி நோவெல் பக்கம் தீர்ப்பளித்தது; மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அட்டவணையில் இருந்த ஓரிரு வரிகளுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. ஒப்பந்தத்தின் உடல் பகுதியை எல்லோரும் படிக்கிறார்கள். அட்டவணைகளையும் திருத்தங்களையும் அதே அக்கறையோடு படியுங்கள்.

வேறொருவர் வந்து "இது என் நிரல்" என்றால் யார் பொறுப்பு?

ஒப்பந்தத்தின் உத்தரவாதப் பிரிவும் இழப்பீட்டுப் பிரிவும் இதற்காகத்தான். எழுதியவர், தனக்கு உரிமை உண்டு, பிறர் உரிமையை மீறவில்லை என்று உறுதி கொடுக்கிறார். மூன்றாம் நபர் வழக்குப் போட்டால் வாடிக்கையாளரின் நட்டத்தை ஏற்பதாகச் சொல்கிறார்.

எழுதும் தரப்பில் இருந்தால், பொறுப்புக்கு உச்ச வரம்பு கேளுங்கள். ஐந்து லட்ச ரூபாய் வேலைக்கு வரம்பற்ற பொறுப்பை ஏற்கும் சிறு நிறுவனம், உரிமையாளரின் வீட்டையே பணயம் வைப்பது போன்ற நிலைக்குப் போகலாம், தனியாள் தொழிலாக நடத்துபவருக்கு அது நேரடியாகவே நடக்கும். வாடிக்கையாளர் கொடுத்த நிரல், அவர் பிறகு செய்த மாற்றம், அவர் சேர்த்த வேறு மென்பொருள் ஆகியவற்றால் வரும் சிக்கலை விலக்குங்கள். வழக்கு வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும், எதிர்வாதத்தை நீங்களே நடத்துவீர்கள் என்று எழுதுங்கள். வாங்கும் தரப்பில் இருந்தால், பணத்தோடு பரிகாரத்தையும் கேளுங்கள்: மீறிய பகுதியை மாற்றி எழுதித் தருவது, அதற்கு உரிமம் வாங்கித் தருவது, முடியாவிட்டால் கட்டணத்தைத் திருப்பித் தருவது. தொழில் நிற்காமல் ஓடுவது இழப்பீட்டுத் தொகையைவிட உங்களுக்கு முக்கியம்.

விற்ற நிறுவனம் மூடப்பட்டால்?

மூலநிரலை மூன்றாம் தரப்பிடம் வைக்கும் எஸ்க்ரோ ஏற்பாடு இதற்காக இருக்கிறது. விற்றவர் திவாலானாலோ, குறிப்பிட்ட காலத்துக்குப் பராமரிப்பை நிறுத்தினாலோ நிரல் உங்கள் கைக்கு வரும். ஒப்படைத்த நிரல் உண்மையிலேயே இயங்குகிறதா என்று ஒருமுறையாவது அதிலிருந்து மென்பொருளை உருவாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு பதிப்புக்கும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அமெரிக்கத் திவால் சட்டத்தில் 1988இல் சேர்க்கப்பட்ட 365(என்) பிரிவு, உரிமம் கொடுத்தவர் திவாலானாலும் பெற்றவர் தொடர்ந்து பயன்படுத்த வழி செய்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் அப்படி வெளிப்படையான பிரிவு இல்லை. ஆகவே இங்கே ஒப்பந்த வாசகம் இன்னும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது.

இருவருக்கும் பாதிப் பாதி என்று கூட்டு உரிமையாக வைத்துக்கொண்டால் சண்டை வராதே?

வேண்டாம். அமெரிக்காவில் ஒரு கூட்டுரிமையாளர் மற்றவரைக் கேட்காமலே சாதாரண உரிமம் கொடுக்கலாம், லாபத்தில் பங்கு தந்தால் போதும். இந்தியாவில் மற்றவரின் சம்மதம் வேண்டும் என்பதே பொதுவாக ஏற்கப்படும் நிலை. ஒருவர் பதில் சொல்லாமல் இருந்தாலே போதும், மற்றவரின் விற்பனை நின்றுவிடும். உடைமையை ஒருவரிடமும் தாராளமான உரிமத்தை மற்றவரிடமும் வையுங்கள்.

பதிவு செய்தால்தான் உரிமை வருமா?

எழுதிய கணத்திலேயே வருகிறது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவேட்டில் உள்ளது முதல்நோக்குச் சான்றாக ஏற்கப்படும். 2021இல் விதிகள் திருத்தப்பட்டபின், மூலநிரலின் முதல் 10 பக்கங்களும் கடைசி 10 பக்கங்களும் கொடுத்தால் போதும். 20 பக்கங்களுக்குக் குறைவென்றால் முழுவதும். எந்த வரியையும் மறைக்கக்கூடாது.

ஏஐ கருவி எழுதிக் கொடுத்த நிரல்?

கணினியால் உருவாக்கப்பட்ட படைப்புக்கு, அது உருவாகக் காரணமானவரே ஆசிரியர் என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. 1994இல் வந்த வாசகம் அது. இன்றைய கருவிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமோ மனிதரின் படைப்பாற்றல் இல்லாத பகுதிக்குப் பதிவு தருவதில்லை. எனவே முழு உடைமைக்கும் நிபந்தனையற்ற உறுதி கொடுக்காதீர்கள். எந்தப் பகுதிகளில் எந்தக் கருவி பயன்பட்டது என்ற குறிப்பை வைத்திருங்கள், வாடிக்கையாளரின் ரகசிய நிரலை அவர் அனுமதியில்லாமல் அந்தக் கருவிகளில் ஒட்டாதீர்கள்.

தகராறு வந்துவிட்டது. எங்கே போவது?

ஒப்பந்தத்தில் நடுவர் மன்றம் எழுதியிருந்தால் பெரும்பாலும் அங்கே. இல்லாவிட்டால் வணிக நீதிமன்றம். அவசரத் தடையாணை கேட்காத வழக்குகளில் அதற்கு முன் சமரச முயற்சி கட்டாயம். பதிப்புரிமை மீறல் வழக்கை, நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலேயே தொடுக்க 62ஆம் பிரிவு வழி தருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமை வழக்குகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்துவது குற்றமும்கூட. 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதவைத்தோம். ஒரு பத்திரமும் இல்லை. எழுதியவர் இன்னும் நட்பாகத்தான் இருக்கிறார். இப்போது என்ன செய்யலாம்?

இந்த வாரமே அவரைப் பாருங்கள். முன்பு எழுதிய அனைத்தையும் பட்டியலிட்டு, முழுக் காலத்துக்கும் உலகம் முழுவதற்கும் மாற்றிக் கொடுப்பதாக, கடந்தகால மீறல்களுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமையையும் சேர்த்து, ஓர் உறுதிப்படுத்தும் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கென ஒரு தொகையும் கொடுங்கள். அவர் தன் உரிமையைத் தருகிறார், சும்மா கேட்பது முறையல்ல. முத்திரைத்தாள் மதிப்பை உள்ளூர் வழக்கறிஞரிடம் உறுதிசெய்யுங்கள். எழுதியவர் தனக்கு உதவிய நண்பர் யாரிடமாவது சில பகுதிகளை எழுதி வாங்கினாரா என்றும் கேளுங்கள். வாங்கியிருந்தால் அந்த நண்பரின் கையெழுத்தும் வேண்டும்.